மூன்றும் இருந்தும் ஓடாத மெசின்

மகன்,

போன கிழமை நீ தொலைபேசியில் ஒன்று சொன்னாய். கலியாணத்தன்று மேடையில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் என் அண்ணன், உன் மாமா, நிற்கட்டும் என்றாய். ஏன் என்று கேட்டேன். "எங்கள விட்டுட்டுப் போன மனிசன்தானே அம்மா அவர்" என்றாய். உலையில் அரிசி கிடக்கிறது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். உலையில் ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் பல வருடமாக என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். கை எழுதும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். இது ஒரு பழைய புல் வெட்டும் மெசினின் கதை. கலியாண நேரத்தில் அம்மாவுக்கு என்ன பைத்தியம் பிடித்தது என்று நினைக்காமல் முழுவதையும் வாசி.

அந்த மெசினை நீ மறந்திருக்க மாட்டாய். புளியந்தீவில் அப்பா தோட்டவேலை செய்த அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்டதை அவர் வாங்கிக் கொண்டுவந்து, பச்சை நிறம் அடித்து, கல்லடி வீட்டின் பின்கொட்டிலில் வைத்திருந்தார். சுனாமியில் கடல் வந்த காலையில் நீயும் நானும் புளியந்தீவில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் கல்லடியில் இருந்தார்கள். அப்பா ஒரு கையால் பனையைப் பிடித்தபடி மறுகையால் தம்பியைப் பிடித்திருந்தார். இரண்டாவது தண்ணீர் வந்தபோது தம்பியின் கை வழுக்கிவிட்டது. இவ்வளவும் உனக்குத் தெரியும். உன்னைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டு நாங்கள் அகதிகளுக்குப் போட்ட தகரக் கொட்டிலில் இருந்த அந்த ஒன்றரை வருடம்தான் உனக்குத் தெரியாதது. அப்பா கேட்டால் பதில் சொல்வார், கொடுத்தால் சாப்பிடுவார். கந்தோருக்குப் போகமாட்டார். கதவடியில் பலகை ஒன்றைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்.

வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போன ஒரு நாள், தாழம் புதருக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. மெசின்! கைபிடி வளைந்து, உள்ளெல்லாம் மணலும் உப்புமாக மாட்டிக்கொண்டு கிடந்தது. ஏன் அதை இழுத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த வளவில் எங்களுடையது என்று சொல்ல வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மெசினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சுவரில் கட்டிய கயிறு போல அசையாமல் நின்றது. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அந்த நேரத்தில் என் மனதில் ஒரு கேள்வி வந்தது பார், அது என்னை விடவே இல்லை. சமைக்கும்போதும் அதே கேள்வி. அதுவரை ஒரு பிளக்கைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காதவள் நான்.

காத்தான்குடியில் படகு என்ஜின் திருத்துகிற ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெரிந்த ஒருவரின் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் மெசினை ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய பட்டறைக்குள் கால் வைக்க இடமில்லை.

"பாருங்க தங்கச்சி, எல்லாம் கடல் குடிச்ச என்ஜின். மீன்காரனுக்குச் சோறு இதிலதான் கிடக்கு. புல்லு மெசினில இப்ப கை வைக்க எனக்கு ஏலா" என்றார்.

"அப்ப நான் என்ன செய்யிற காக்கா?"

"நீங்களே கழட்டுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"கழட்டினாத் தெரியும். கழட்டின ஒழுங்கில ஒரு சீலையில வரிசையா வைங்க. பூட்டக்குள்ள கடைசியில இருந்து எடுத்துப் பூட்டுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த நட்டுச் சாவியைக் கீழே வைத்தார். "இஞ்ச கேளுங்க. எந்தப் பெற்றோல் என்ஜினும் மூண்டு கேக்கும். நெருப்பு, பெற்றோல், அமுக்கம். பிளக் பொறி விடுதா, பெற்றோல் உள்ளுக்குப் போகுதா, பிஸ்டன் காத்த அமுக்குதா. ஒண்டொண்டாப் பாருங்க. ஒரே நேரத்தில ரெண்டைத் தொடாதீங்க. தொட்டா, எதால சரிவந்ததெண்டு தெரியாமப் போயிரும்."

இவ்வளவு காலத்தில் எனக்கு யாரும் இதைவிட நல்ல புத்தி சொன்னதில்லை. உன் கலியாண வாழ்க்கைக்கு என்று தனியாக ஒன்றும் நான் சொல்லப் போவதில்லை, இதையே எடுத்துக்கொள்.

என் பழைய சேலை ஒன்றை விரித்துக் கழற்றினேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். துருப்பிடித்து இறுகிப்போன பிஸ்டனுக்கு மேலே, பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றி நாள்தோறும் காலையில் மெசினின் அடியிலுள்ள கத்தியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பதினோராம் நாள் ஒரு நூலளவு அசைந்தது. அந்தச் சந்தோசத்தை யாரிடம் சொல்வது? கதவடிக்கு ஓடிப்போய் அப்பாவிடம், "அசையுது!" என்றேன். "ம்" என்றார். உனக்கு விடுதிக்குக் கடிதம் எழுதினேன். நீ சோதனை நேரம் என்று பதில் போட்டாய். பிறகு காபரேட்டரின் நுண்துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு, ஒரு பின்னேரம் கயிற்றை இழுத்தபோது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு மெசின் ஓடியது. கொட்டில் வரிசைச் சனமெல்லாம் ஓடிவந்தது. அப்பாவும் எழுந்து நின்று பார்த்தார். பிறகு போய்ப் பலகையில் இருந்துவிட்டார்.

அதைக்கொண்டு நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். கடல் வந்ததன் பிறகு ஊருக்குள் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் வளவு இருந்தது, வளவெல்லாம் புல் இருந்தது. ஒரு பெண்பிள்ளை மெசின் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க முதலில் ஆட்கள் நின்றார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தை வெட்டித் தரக் கேட்டார்கள். அது பெரிய வேலை. நன்றாகச் செய்தால் மற்றப் பள்ளிக்கூடங்களும் கூப்பிடும் என்று அதிபர் சொன்னார். முதல் நாள் பாதி மைதானம் வெட்டினேன். கடைசி வரி முடிகிற இடத்தில் ணங் என்று ஒரு சத்தம். மெசின் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு அந்த மைதானத்தில் அகதிக் கூடாரம் போட்டிருந்தார்கள், அதில் அடித்த இரும்பு முளை ஒன்று பிடுங்காமல் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. பிடுங்கி எறிந்தேன். எப்படியும் அன்றைய வேலை முடிந்துவிட்டது, மறுபடி ஓட்டிப் பார்க்காமல் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சத்தத்தை மறந்தும் போனேன்.

அடுத்த நாள் விடிய எழும்பினால், மெசின் மின்னிக்கொண்டு நிற்கிறது. அடியில் ஒட்டியிருந்த புல்லெல்லாம் சுரண்டி, சில்லுகளுக்கு ஒயில் விட்டு, யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். பலகையில் இருந்த அப்பாவின் கையில் ஒயில் பூசிய துணி. கடல் வந்ததன் பிறகு அவர் தானாக ஒரு வேலையில் கை வைத்தது அன்றுதான், மகன். நான் அதைக் கவனித்தேனா? இல்லை. அதிபர் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற அவசரத்தில் கயிற்றை இழுத்தேன். ஓடவில்லை. இருபது தரம், முப்பது தரம் இழுத்தேன். தோள் கழன்றதுதான் மிச்சம். ஒரு தரம் கயிறு என் கையிலிருந்து திமிறி, உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு உள்ளே போனது.

"என்ன செய்தீங்க இதுக்கு?" என்று கேட்டேன்.

"துடைச்சு வச்சன். வேற ஒண்டும் செய்யல்ல" என்றார்.

"நேத்துப் பின்னேரம்வரை ஓடின மெசின்! நீங்க தொட்டாப்போல நிண்டிட்டு. நான் உழைக்கிறது உங்களுக்குப் பிடிக்கல்ல, அதுதானே?"

"உள்ளுக்கு நான் தொடல்ல புள்ள."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "உங்கட தம்பிக்குப் பதிலா உங்களக் கடல் கொண்டு போயிருக்கலாம்" என்றேன்.

நான் சொன்னது இதுதான். வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அவர் கையிலிருந்த துணியை மடித்துப் பலகையில் வைத்தார். சாரத்தையும் இரண்டு சட்டையையும் ஒரு பையில் போட்டார். "நான் அக்காட்டப் போறன்" என்று மட்டும் சொன்னார். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்து மாமி வீட்டுக்குப் போனார். நீ அந்த மாத விடுமுறைக்கு வந்து "அப்பா எங்க?" என்று கேட்டாய். நான், "போயிட்டார்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லிலிருந்து நீ ஒரு அப்பாவைக் கட்டி வைத்திருக்கிறாய். அந்த அப்பாவை உனக்குக் கொடுத்தவள் நான்.

மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்து, மைதானத்தின் மறுபாதியைப் புல்வெட்டும் கத்தியால் வெட்டுவித்துக் கொடுத்தேன். மெசினைத் திருத்த உட்கார்ந்தேன். கோபத்தில்தான் உட்கார்ந்தேன், அவர் என்னத்தைக் குழப்பினார் என்று கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். முதலில் நெருப்பு. பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பை மெசின் இரும்பில் முட்டவைத்துக் கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி அடித்தது. பிறகு பெற்றோல். பிளக்கின் நுனி நனைந்து மணத்தது. பிறகு அமுக்கம். பிளக் துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு இழுத்தேன். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. மூன்றும் இருக்கிறது, மெசின் ஓடவில்லை. காத்தான்குடிக்குப் போய்க் காக்காவிடம் சொன்னேன். "மூண்டும் இருந்தா ஓடத்தான் வேணும் தங்கச்சி. நீங்க எதையோ சரியாப் பார்க்கல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உன் கொப்பி ஒன்றில் மிஞ்சியிருந்த தாள்களில் பார்த்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். இன்று பெற்றோல் மாற்றினேன், ஓடவில்லை. இன்று காற்று வடிக்கும் பஞ்சைக் கழுவினேன், ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்று, ஒன்று மட்டும்.

சில கிழமைகள் போக, எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஒரே விசயம் திரும்பத் திரும்ப வந்திருந்தது: 'கயிறு கையைத் திருப்பி இழுத்தது.' ஓடாத மெசினுக்கு என் கையை இழுக்கும் பலம் எங்கிருந்து வந்தது? உள்ளே வெடிக்கிறது, ஆனால் முன்னால் தள்ளாமல் பின்னால் தள்ளுகிறது. ஏன்? இந்தக் கேள்வியோடு ஒரு நாள் நானும் பக்கத்துக் கொட்டில் பெண்ணும் ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்டு மா இடித்துக்கொண்டிருந்தோம். பேச்சுப் பராக்கில் நான் என் உலக்கையைக் கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டேன். மேலே எழும்பிக்கொண்டிருந்த அவளுடைய உலக்கையில் அடித்து, அவள் கை உதறிப்போனது. "நேரம் தப்பிப் போடுறீங்க அக்கா!" என்றாள். மாவை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடினேன்.

மெசினின் மேல்மூடியைக் கழற்றினேன். மேலே பிளைவீல் என்று ஒரு கனத்த சக்கரம் சுழலும். அதில் ஒரு காந்தம் உண்டு. அது பக்கத்திலுள்ள கம்பிச்சுருளைக் கடக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். ஒரு தென்னோலை ஈர்க்கைப் பிளக் துளைக்குள் விட்டு, பிஸ்டனுக்கு மேலே நிற்கவிட்டேன். பிஸ்டன் எழும்ப ஈர்க்கும் எழும்பும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஈர்க்கு உச்சிக்கு வரும் நேரத்தில் காந்தமும் சுருளுக்குப் பக்கத்தில் வர வேண்டும், இல்லையா? வரவில்லை. ஈர்க்கு பாதியில் நிற்கும்போதே காந்தம் கடந்து போய்விட்டது. திரும்பச் சுற்றினேன். அதேதான். நெருப்பு இருக்கிறது, முந்தி வருகிறது. மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனைப் பாதி வழியில் அடித்துத் திருப்புகிறது. அந்த இடத்தில் தனியாக இருந்து கை தட்டினேன் என்றால் நம்புவாயா?

சக்கரத்தைக் கழற்ற எனக்குப் பலம் போதவில்லை. மறுபடி காத்தான்குடி. ஈர்க்கு விசயத்தைச் சொன்னதும் காக்கா செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்தார். சக்கரத்தைத் தட்டிக் கழற்றி, தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள வெட்டிலிருந்து சுண்டுவிரல் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதற்குக் கீ என்று பெயர். சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது அதுதான். பாதிக்கு மேல் அறுந்து, படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது.

"எங்கயும் இடிச்சீங்களா? கத்தி கல்லில கில்லில பட்டதா? கத்தி திடீரெண்டு நிண்டா, மேல சக்கரம் நிக்காம இதை அறுத்துக்கொண்டு சுத்தும். வேற ஒண்டாலயும் இது இப்பிடி அறாது" என்றார்.

"இல்லை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அந்த ணங் சத்தம் எனக்குக் கேட்டது. மெசினைச் சரித்துக் கத்தியைப் பார்த்தேன். நுனியில் பல் பதிந்தாற்போல ஒரு வெட்டு. துடைத்து வைத்தவரின் கை படாத, என் கையால் நடந்த உடைவு. பட்டறைக்காரர், "என்ன தங்கச்சி, சரிதானே, புதுக் கீ போட்டா ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நிலத்தில் இருந்து அழுகிறேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார்.

அன்றே பழுகாமத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று நாளைக் கடத்தினேன். பாதை திறந்திருந்த காலத்தில் நான் போகவில்லை, மகன். ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடிய பிறகுதான் போனேன். பட்டிருப்புப் பாலத்தடியில் ஆமிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமை எங்கள் பக்கத்து எழுவான்கரையிலிருந்து படுவான்கரைப் பக்கம் செல் குண்டு போகத் தொடங்கியது. வாவிக்கு அந்தப் பக்கம் விழுகிற சத்தம் எங்கள் கொட்டிலின் தகரத்தில் கேட்கும். கடல் செய்யாமல் விட்டதை, நான் சொன்ன சொல்லின்படி செல் செய்யப் போகிறது என்று நினைத்தேன். அந்த மாதங்களில் மெசின் நன்றாக ஓடியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிறகு படுவான்கரைச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடம், கோயில் வளவு, மரத்தடி எல்லாம் சனம். ஒவ்வொரு முகாமாக நான்கு நாள் தேடினேன். ஐந்தாம் நாள் முற்பகல், சாப்பாட்டு வரிசையில் மாமியின் சின்ன மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும், "பொடியன் நல்லா இரிக்கானா?" என்றார். முதல் கேட்டது உன்னைத்தான்.

வரிசையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, "மெசின நீங்க உடைக்கல்ல. நான்தான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்தானே" என்றார்.

"அண்டைக்கு நான் சொன்னது..."

அவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "கடலுக்குள்ள கிடக்கக்குள்ள நானும் அதத்தான் கேட்டன் புள்ள. அவன விட்டுட்டு என்ன எடு எண்டு. நீ புதுசா ஒண்டும் சொல்லல்ல" என்றார்.

 வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அவரே, "என்ன உடைஞ்சிருந்த?" என்று கேட்டார். கீ என்றேன். "அது வெளிய தெரியாதே. எப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்றார். மணலில் குந்தி, விரலால் சக்கரத்தையும் பிஸ்டனையும் கீறி, ஈர்க்கு விசயத்தைச் சொன்னேன். அவரும் குந்தினார். காந்தம் எந்தப் பக்கம் நின்றது, ஈர்க்கு எவ்வளவு எழும்பியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வரிசை எங்களைக் கடந்து போய்விட்டது. மாமி வந்து, "சோறு முடியப் போகுது, இதில இருந்து என்ன கீறுறீங்க ரெண்டு பேரும்?" என்று ஏசினாள். கடல் வந்ததன் பிறகு அவர் அவ்வளவு நேரம் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. கதவடியில் இருக்கும் நாட்களும் இருந்தன, வேலைக்கு வரும் நாட்களும் இருந்தன. வன்னியில் யுத்தம் முடிந்தது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த மாதத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை அவர் தனியாக வெட்டி முடித்தார். அந்த வருமானம்தான் உன்னை வந்தாறுமூலைக் கம்பஸ் வரை கொண்டுபோனது. நீ வரும்போதெல்லாம் அவரோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசாததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்ற பயத்தில் அவரை அந்த இடத்தில் விட்டு வைத்தேன். முதல் பிழை கோபத்தில் செய்தது. இது தெரிந்துகொண்டே இவ்வளவு வருடம் செய்தது, இதுதான் பெரிய பிழை.

நீ சொன்னதை நேற்று மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.  "சரிதான், மாமன் நிக்கட்டும். கலியாணத்தில புள்ளட மனம் நோகப்படாது" என்றார். "உண்மையைச் சொல்லுங்களன் அவனுக்கு" என்றேன். "அதச் சொன்னா உன்னையெல்லோ கோவிப்பான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முடித்தார்.

கோவித்துக்கொள், மகன். அது எனக்கு வரவேண்டியது.

உன் அம்மா